சோணையறையா, மேலறையா? ஓர் எக்கோ ரிப்போட்டும் இருதயத்தின் நான்கு அறைகளும்

பின்வளவு அக்கா போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எக்கோ ரிப்போட்டோடு, அதாவது ஒலியலையால் இருதயத்தைப் பார்க்கும் சோதனையின் முடிவோடு, வந்து நின்றார். திருகோணமலை மனையாவெளியில் எங்கள் ஒழுங்கையில் யாருக்கு என்ன ரிப்போட் வந்தாலும் அது முதலில் ஏறி இறங்குவது எங்கள் விறாந்தையில்தான். விஞ்ஞானம் படிப்பிக்கிறவனுக்கு வைத்தியமும் தெரியும் என்று ஊர் நினைக்கிறது. தெரியாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

"தம்பி, இதில எல்.ஏ. கொஞ்சம் பெருத்திருக்கு எண்டு போட்டிருக்காம். எல்.ஏ. எண்டா என்ன?"

"இடது சோணையறை அக்கா" என்றேன். பக்கத்தில் நின்ற அவருடைய மகன், சாதாரண தரத்துக்குப் படிக்கிறவன், தலையாட்டினான். அக்காவுக்கு விளங்கவில்லை. "யூடியூப்பில சென்னை டொக்டர் ஒராள் மேலறை, கீழறை எண்டல்லோ சொல்றார். சோணை எண்டு அவர் ஒண்டும் சொல்லேல்லையே?"

ஒரே இருதயத்துக்கு அந்த விறாந்தையில் மூன்று பெயர்த் தொகுதிகள். ரிப்போட்டில் ஆங்கில எழுத்துகள், மகனின் பாடநூலில் இலங்கைக் கலைச்சொற்கள், கைபேசியில் தமிழ்நாட்டுச் சொற்கள். வருத்தக்காரர் ஒருவர் தன் உடம்பைப் பற்றித் தானே வாசித்து அறிய நினைத்தால் முதலில் இந்தக் குழப்பத்தைக் கடக்க வேண்டும். அன்றைக்கு அக்காவுக்குச் சொன்னதையும், பிறகு யோசித்ததில் சொல்லியிருக்கலாம் என்று பட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

காதும் முற்றமும் வயிறும்

மனித இருதயத்தில் நான்கு அறைகள். இரத்தம் வந்து சேரும் அறைகள் இரண்டு, வெளியே தள்ளும் அறைகள் இரண்டு. வந்து சேரும் அறையை எங்கள் பாடநூல் சோணையறை என்கிறது; தள்ளும் அறையை இதயவறை என்கிறது. தமிழ்நாட்டில் இவை மேலறை, கீழறை. ஏட்ரியம், வென்ட்ரிக்கிள் என்று அப்படியே எழுதுவதும் உண்டு. இன்னும் பழைய புத்தகங்களில் ஆரிக்கிள் என்றிருக்கும்.

சோணை என்றால் என்னவென்று எங்களூரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. காதுச்சோணையில்தானே தோடு போடுகிறோம். ஆரிக்கிள் என்ற லத்தீன் சொல்லுக்கும் பொருள் சின்னக் காது. இருதயத்தை வெட்டி எடுத்துப் பார்த்த பழைய ஆட்களுக்கு, மேலே இரண்டு பக்கமும் மடிந்து தொங்கும் சதைப்பை நாய்க்குட்டியின் காதுமாதிரித் தெரிந்திருக்கிறது. அதைத் தமிழாக்கியவர்கள் "காது" என்று பொதுவாகப் போட்டுவிடாமல் சோணை என்று எடுத்தது நல்ல காதுள்ளவர்களின் வேலை.

ஏட்ரியம் என்ற சொல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. பழைய ரோம வீட்டில் வாசலால் நுழைந்ததும் வரும் நடுக்கூடத்துக்கு அந்தப் பெயர். எங்களுக்கு நாற்சார் வீட்டின் முற்றம் என்று வைத்துக்கொள்ளலாம்: வெளியிலிருந்து வருகிறவர் முதலில் நிற்கும் இடம். வென்ட்ரிக்கிள் என்றால் சின்ன வயிறு. ஆக ஒருவர் காதைப் பார்த்தார், ஒருவர் முற்றத்தைப் பார்த்தார், ஒருவர் வயிற்றைப் பார்த்தார். மேலறை கீழறை என்றவர் படத்தைப் பார்த்தார்.

இலங்கைச் சொல்லில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. "இதயவறை" என்று சேர்த்து எழுதினால் கீழே இருக்கும் தள்ளும் அறை மட்டும். "இதய அறை" என்று பிரித்து எழுதினால் நான்கில் எதுவும். ஓர் உடம்படுமெய் வந்தால் ஒரு பொருள், வராவிட்டால் இன்னொரு பொருள். பரீட்சைத் தாளில் பிள்ளைகள் இதில் விழுவதைப் பல வருடம் பார்த்துவிட்டேன். இந்த ஓர் இடத்தில் கீழறை என்பதே தெளிவு என்று எனக்குப் படுகிறது. ஆனால் திருத்தும்போது பாடநூல் சொல்லுக்குத்தான் புள்ளி போடுவேன்.

உடற்கூற்றியலைத் தமிழில் சொல்லும் முயற்சி எங்கள் நாட்டில் புதிதல்ல. அமெரிக்காவிலிருந்து 1847இல் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து வைத்தியர்களை உருவாக்கினார். உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். பின்னர் 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைவாரியாகச் சொற்றொகுதிகள் வெளியிட்டது. தமிழ்நாடு தன் வழியில் தனக்கான சொற்களை ஆக்கிக்கொண்டது. இரண்டு கரையும் ஒன்றையொன்று கேட்காமல் செய்த வேலையின் பலன்தான் அக்காவின் கையிலிருந்த கைபேசியும் மகனின் புத்தகமும்.

நாளம் என்ற பொறி

சோணையறையா மேலறையா என்பதில் ஆபத்து இல்லை. ஒருநாள் குழப்பத்தோடு போய்விடும். பெரிய பொறி வேறோர் இடத்தில் இருக்கிறது.

இலங்கையில் நாடி என்றால் இருதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய். நாளம் என்றால் இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். தமிழ்நாட்டில் முதலாவது தமனி, இரண்டாவது சிரை. நாளம் என்ற சொல்லும் அங்கே உண்டு. ஆனால் அங்கே இரத்த நாளம் என்றால் எந்த இரத்தக் குழாயும்தான். எங்கள் புத்தகம் அதைக் குருதிக்கலன் என்கிறது.

இப்போது சென்னைக் காணொளியில் "இதய ரத்த நாளங்களில் அடைப்பு" என்று வருகிறது. எங்களூர்ப் பிள்ளை அதைக் கேட்டால் நாளத்தில், அதாவது திரும்பி வரும் குழாயில் அடைப்பு என்று எடுத்துக்கொள்ளும். உண்மையில் அடைபட்டிருப்பது நாடி. மாரடைப்புக்குக் காரணமானது முடியுரு நாடியில் வரும் அடைப்பு. இருதயத்தின் தலையில் முடி சூட்டியதுபோல வளைந்து கிடப்பதால் அந்தப் பெயர். கரோனரி என்ற சொல்லிலும் அந்தக் கிரீடம்தான் இருக்கிறது.

இன்னொரு தவறு இரண்டு கரையிலும் பொதுவானது: "நாடியில் நல்ல இரத்தம், நாளத்தில் கெட்ட இரத்தம்." முதலில், கெட்ட இரத்தம் என்று ஒன்று இல்லை, ஒட்சிசன் குறைந்த இரத்தம் உண்டு. அடுத்தது, நாடியா நாளமா என்பதைத் தீர்மானிப்பது உள்ளே ஓடுவது என்ன என்பதல்ல, எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான். நுரையீரல் நாடியில் ஓடுவது ஒட்சிசன் குறைந்த இரத்தம். நுரையீரல் நாளத்தில் ஓடுவது ஒட்சிசன் நிறைந்த இரத்தம். பிள்ளைகளை மடக்குவதற்கு வைத்த விதிவிலக்கு என்று இதைச் சிலர் நினைக்கிறார்கள். திசையைப் பிடித்துக்கொண்டால் இதில் விதிவிலக்கே இல்லை.

ஒரு சொட்டோடு கூடப் போனால்

பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட ஒரு சொட்டு இரத்தத்தின் பின்னால் போவது சுகம்.

உடம்பெல்லாம் சுற்றி ஒட்சிசனைக் கொடுத்துவிட்டு வரும் இரத்தம், மேற்பெருநாளம், கீழ்ப்பெருநாளம் என்ற இரண்டு பெரிய குழாய்களால் வலது சோணையறைக்குள் வந்து விழுகிறது. அங்கிருந்து முக்கூர் வால்வைத் தாண்டி வலது இதயவறை. அது சுருங்கும்போது நுரையீரல் நாடி வழியாக நுரையீரலுக்கு. அங்கே ஒட்சிசனை ஏற்றிக்கொண்டு நுரையீரல் நாளங்களால் இடது சோணையறைக்கு. பிறகு இருகூர் வால்வு, இடது இதயவறை. அங்கிருந்து தொகுதிப் பெருநாடிக்குள் ஒரே தள்ளு. தலையிலிருந்து கால்விரல் வரைக்கும் போய்ச் சேரும். சும்மா இருக்கும் ஒருவரின் உடம்பில் இந்த முழுச் சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரு நிமிடம்.

இந்த வழியைக் கண்டுபிடிக்க மனிதருக்கு நிரம்பக் காலம் பிடித்தது. ரோமப் பேரரசுக் காலத்துக் கேலன், வலது பக்க இரத்தம் நடுச்சுவரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகளால் இடது பக்கம் போகிறது என்று எழுதினார். ஆயிரம் வருடத்துக்கு மேல் உலகம் அதை நம்பியது. 13ஆம் நூற்றாண்டில் டமஸ்கசில் பிறந்து கெய்ரோவில் வைத்தியம் பார்த்த இப்னுன் நபீஸ், அந்தச் சுவரில் துளை எதுவும் இல்லை, இரத்தம் நுரையீரலைச் சுற்றித்தான் மறுபக்கம் வருகிறது என்று எழுதிவைத்தார். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பிள்ளைகளுக்கு வகுப்பில் இந்தப் பெயரைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். மற்றப் பிள்ளைகளும் நிமிர்ந்து இருந்து கேட்பார்கள். இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி முழுச் சுற்றோட்டத்தையும் நிறுவி நூல் வெளியிட்டது 1628இல். நாடியிலிருந்து நாளத்துக்கு இரத்தம் எப்படிக் கடக்கிறது என்பதை அவராலும் பார்க்க முடியவில்லை. 1661இல் இத்தாலியின் மல்பீகி நுணுக்குக்காட்டியால் தவளையின் நுரையீரலைப் பார்த்து, இடையில் இருக்கும் மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டார். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இவை தந்துகிகள்.

வலதையும் இடதையும் பிரிக்கும் அந்தச் சுவருக்குப் பிரிசுவர் என்று பெயர். அதை விளக்க எனக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. ஏழு கிணறும் பக்கத்துப் பக்கத்தில். இடையில் சிறிய கட்டு. ஆனால் ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. ஒன்றில் வாளியைவிட்டு அள்ளிக் குளித்துவிட்டு அடுத்ததில் அள்ளினால் உடம்புக்குத் தெரியும். இருதயத்திலும் இப்படித்தான். விரற்கடை தூரத்தில் இரண்டு விதமான இரத்தம், ஒன்றோடொன்று கலவாமல்.

கருவில் இருக்கும் பிள்ளைக்கு இந்தச் சுவரில் வழி உண்டு. நுரையீரல் அப்போது வேலை செய்யாது, தாயின் நஞ்சுக்கொடிதான் ஒட்சிசன் கொடுக்கிறது. ஆகவே நுரையீரலைச் சுற்றிப் போகத் தேவையில்லாமல், வலது சோணையறையிலிருந்து இடது சோணையறைக்கு முட்டை வடிவில் ஒரு திறப்பு. பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் அழுத்தம் மாறி அது மூடிக்கொள்ளும். வளர்ந்தவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அது முற்றாக ஒட்டாமல் இருந்துவிடுகிறது, பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தராமல். "பிள்ளைக்கு இருதயத்தில ஓட்டை" என்று ஊரில் சொல்வது வேறு. சோணையறைகளுக்கு இடையிலோ இதயவறைகளுக்கு இடையிலோ சுவரே சரியாக உருவாகாமல் விடுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். இவற்றில் சில தானாக மூடும், சில கருவி வைத்தோ சத்திரசிகிச்சை செய்தோ மூட வேண்டியவை. எந்த ஓட்டை, எவ்வளவு பெரிது என்று கேட்காமல் "ஓட்டை" என்ற சொல்லுக்கே அழுது முடிக்கிற தாய்மாரைப் பார்த்திருக்கிறேன்.

கிணற்று மோட்டர்

வால்வு என்ன செய்கிறது என்பதைக் கிணற்றில் மோட்டர் வைத்திருக்கும் எவரும் அறிவார்கள். தண்ணீருக்குள் கிடக்கும் ஃபுட் வால்வில் ஒரு சின்னக் கல் மாட்டினால் போதும். மோட்டர் நின்றதும் குழாயில் ஏறிய தண்ணீரெல்லாம் திரும்பக் கிணற்றுக்குள் இறங்கிவிடும். அடுத்தநாள் காலையில் மோட்டரைப் போட்டால் வெறும் இரைச்சல்தான். மோட்டரில் பிழை இல்லை, வால்வு ஒழுகுகிறது.

இருதயத்தில் இப்படி நான்கு வால்வுகள். சோணையறைக்கும் இதயவறைக்கும் இடையில் வலதுபக்கம் முக்கூர் வால்வு, இடதுபக்கம் இருகூர் வால்வு. தமிழ்நாட்டில் கூர் இதழாகி, மூவிதழ் வால்வு, ஈரிதழ் வால்வு என்று வரும். வெளியேறும் வாசல்கள் இரண்டிலும் அரைமதி வால்வுகள். ரிப்போட்டில் மைற்றல் என்று வருவது அந்த இருகூர் வால்வுதான். ஆயர் பூசைக்கு வரும்போது அணியும் இரண்டு மடல் கொண்ட உயர்ந்த முடியைப் போல அது இருப்பதால், 16ஆம் நூற்றாண்டு உடற்கூற்றியலாளர் வெசாலியஸ் வைத்த உவமை. எங்கள் மரியாள் பேராலயத்தில் ஆயரைப் பார்த்தவர்களுக்கு இது மறக்காது.

"லப்", "டப்" என்று கேட்பது வால்வுகள் மூடும் ஓசை. திறக்கும் ஓசை அல்ல. சோணை–இதயவறை வால்வுகள் மூடும்போது முதலாவது, அரைமதி வால்வுகள் மூடும்போது இரண்டாவது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 75 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 0.8 செக்கன்: சோணையறைகள் சுருங்க 0.1, இதயவறைகள் சுருங்க 0.3, மிச்சம் 0.4 செக்கன் எல்லாம் தளர்ந்து இரத்தம் நிரம்ப. வாழ்நாள் முழுக்க ஓயாமல் உழைக்கிறது என்று கவிஞர்கள் சொல்லும் உறுப்பு பாதி நேரம் ஓய்வில்தான் இருக்கிறது.

வால்வுக்கு இரண்டு விதமான கேடு வரலாம். ஒன்று சரியாக மூடாமல் ஒழுகுவது; மற்றது சரியாகத் திறக்காமல் ஒடுங்கிப்போவது. எங்கள் பக்கத்தில் பழைய தலைமுறையில் இருகூர் வால்வு ஒடுங்கியவர்களின் கதையைக் கேட்டால், அநேகமாகச் சின்ன வயதில் தொண்டை நோவும், பிறகு மூட்டு மூட்டாய் மாறி மாறி வீங்கிய காய்ச்சலும் வந்திருக்கும். அது வாதக் காய்ச்சல். தொண்டையில் வந்த கிருமிக்கு எதிராக உடம்பு எடுத்த ஆயுதம் வால்வையும் சேர்த்துத் தாக்கிவிடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை வருடக்கணக்காகப் பென்சிலின் ஊசி போடுவது அடுத்த தாக்குதலைத் தடுக்கத்தான். நோவு மாறிவிட்டது என்று ஊசியை விட்டவர்களில் பலருக்கு வால்வு போயிருக்கிறது.

ரிப்போட்டில் எம்.ஆர். (இருகூர் வால்வின் ஒழுக்கு), டீ.ஆர். (முக்கூர் வால்வின் ஒழுக்கு) என்று வந்து, அதற்கு முன் "அற்பம்" என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல்லும் இருந்தால் அதற்காக நித்திரை முழிக்கத் தேவையில்லை. நல்ல இருதயம் உள்ள பலருக்கும் முக்கூர் வால்வில் மிகச் சிறிய ஒழுக்கு எக்கோவில் தெரியும்.

சைனஸ் என்றால் பீனிசம் அல்ல

இருதயம் துடிப்பதற்கு மூளையின் கட்டளை தேவையில்லை. வலது சோணையறையின் மேல்மூலையில், மேற்பெருநாளம் வந்து சேரும் இடத்தில், ஒரு சிறு கணு தானாகவே மின்துடிப்பை எழுப்புகிறது. கீத், ஃபிளாக் என்ற இருவர் அதை 1907இல் விவரித்தார்கள். சைனஸ் கணு என்று பெயர். அந்தத் துடிப்பு முதலில் சோணையறைகளில் பரவி, நடுவில் இருக்கும் இன்னொரு கணுவில் சிறிது தாமதித்து, பிறகு இதயவறைகளுக்கு இறங்குகிறது. அந்தத் தாமதம் இல்லாவிட்டால் மேலும் கீழும் ஒரே நேரத்தில் சுருங்கி, இரத்தம் போக வழியில்லாமல் முட்டிக்கொள்ளும்.

ஈ.சி.ஜி. தாளில் "சைனஸ் ரிதம்" என்று அச்சாகி வந்ததைப் பார்த்துவிட்டு, "எனக்குப் பீனிசமும் இருக்காம்" என்று சொன்னவர் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார். சைனஸ் ரிதம் என்றால் துடிப்பு எழ வேண்டிய இடத்திலிருந்தே எழுகிறது என்று பொருள். நல்ல செய்தி. சைனஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு வளைவு, குடா என்று பொருள். மூக்கைச் சுற்றிய எலும்புக் குழிகளுக்கும் அதே பெயர், அவ்வளவுதான். எங்கள் விலங்கியல் புத்தகத்தில் சைனஸ் அழகாகக் குடா ஆகியிருக்கிறது. மீனின் இருதயத்துக்கு இரத்தம் வந்து சேரும் முன்னறைக்கு நாளக்குடா என்று பெயர். கொட்டியாரக் குடாவுக்குள் மகாவலி வந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு, நாளங்கள் வந்து விழும் குடா என்றால் படம் போடாமலே விளங்கும்.

மீனில் தனியாக இருக்கும் அந்த நாளக்குடா, மனிதக் கருவிலும் முதலில் தனியாக உருவாகி, பிறகு வலது சோணையறைக்குள் அமிழ்ந்துவிடுகிறது. அமிழ்ந்த இடத்தில்தான் அந்தக் கணு. மீன் சந்தையில் சூரை வெட்டும்போது செவுளுக்குக் கீழே சிவப்பாக ஒரு சின்னக் கட்டி வரும், பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு சோணையறை, ஓர் இதயவறைதான். இரத்தம் அங்கிருந்து செவுளுக்குப் போய், திரும்பி வராமல் அப்படியே உடம்புக்குப் போகிறது. தவளைக்கு மூன்று அறை, முதலைக்கு நான்கு. முதலைக்கும் எங்களுக்கும் இந்த விசயத்தில் வித்தியாசம் பெரிதாக இல்லை.

அக்காவின் ரிப்போட்

இனி அந்தத் தாள். முதலாவது குழப்பம் இடது வலது. "இடது" என்பது பார்ப்பவரின் இடது அல்ல, உடம்புக்குரியவரின் இடது. எக்கோ திரையில் நான்கு அறையும் தெரியும் காட்சியில் இடது அறைகள் எங்களுக்கு வலப்பக்கம் இருக்கும். அதோடு கருவியை இருதயத்தின் கூர்நுனிப் பக்கம் வைத்துப் பார்ப்பதால் படம் தலைகீழ்: இதயவறைகள் மேலே, சோணையறைகள் கீழே. மேலறை கீழே தெரிகிறது! இதற்காகத்தான் மேலறை என்ற சொல்லை முழுமனதோடு ஏற்க எனக்கு முடியவில்லை. உடம்புக்குள்ளும் இவை நேராக மேல் கீழாக இல்லை. இடது சோணையறை முதுகுப்பக்கமாக, உணவுக்குழாயை ஒட்டிக் கிடக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் முன்னுக்கு நிற்பது வலது இதயவறை. படத்தில் இடது வலது என்று கீறுவதை உண்மையில் பின், முன் என்று சொன்னாலும் பெரிய பிழை இல்லை.

இரண்டாவது ஈ.எஃப். என்ற எண்: இடது இதயவறை நிரம்பிய இரத்தத்தில் ஒரு சுருக்கத்தில் வெளியே தள்ளும் பங்கு. அக்காவின் தாளில் 60 சதவீதம். "அப்ப நாப்பது வீதம் வேலை செய்யேல்லையா தம்பி?" என்றார். பரீட்சைப் புள்ளிபோல 100க்குப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இடது இதயவறை நிரம்பும்போது அதில் ஏறக்குறைய 120 மில்லிலீற்றர் இரத்தம் இருக்கும். ஒரு சுருக்கத்தில் 70 வெளியே போகும், 50 உள்ளேயே நிற்கும். எழுபதை நூற்றிருபதால் பிரித்தால் 58 சதவீதம். நல்ல இருதயத்துக்கு 55 முதல் 70 வரை வரலாம். நூறு எடுப்பவர் யாரும் இல்லை. அந்த எழுபதை நிமிடத்துக்கு 72 துடிப்பால் பெருக்கிப் பாருங்கள், ஐந்து லீற்றர். ஒரு நாளைக்கு 7,000 லீற்றருக்கு மேல். கூரையில் வைக்கும் 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஏழு நிரம்பும். செய்வது 300 கிராம் அளவுள்ள ஒரு தசை.

வலது இதயவறையும் அதே அளவைத்தான் தள்ளுகிறது. இதைப் பலர் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் இடது பக்கச் சுவர் வலதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிப்பு. தடிப்பு இரத்தத்தின் அளவால் வந்ததல்ல, எதிர்ப்பால் வந்தது. பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்குத் தள்ள 25 அளவு அழுத்தம் போதும். உடம்பு முழுக்கத் தள்ள 120 வேண்டும். பிறசர் பார்க்கும்போது சொல்லும் மேல் எண் அந்த 120தான். பிறசர் வருடக்கணக்காகக் கூடி நின்றால் இடது இதயவறை, மூட்டை தூக்குகிறவரின் தோள்போலத் தடிக்கும். ரிப்போட்டில் எல்.வி.எச். என்று வரும். தோள் தடித்தால் பலம். இந்தச் சுவர் தடித்தால் இறுகிப்போய், தளர்ந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளக் கஷ்டப்படும். வாங்காத இரத்தம் பின்னால் இடது சோணையறையில் முட்டும். அது மெல்ல மெல்ல விரியும். அக்காவின் எல்.ஏ. பெருத்திருந்ததும் இப்படியாக இருக்கலாம். எட்டு வருடமாக அவருக்குப் பிறசர், அதில் பாதி நாள் குளிசை போட்டதில்லை.

இன்னும் முட்டினால் அதற்குப் பின்னால் இருப்பது நுரையீரல். அங்கே நீர் கோக்கும்; படுத்தால் களைக்கும், இரவில் எழும்பி யன்னலடியில் போய் இருக்கச் சொல்லும். வலது பக்கம் பலவீனமானால் அதற்குப் பின்னால் இருப்பது உடம்பு. கால் வீங்கும், விரலால் அமத்தினால் குழி விழும். எந்த அறைக்குப் பின்னால் எது இருக்கிறது என்று வழி தெரிந்தால் அறிகுறியும் தெரியும்.

விரிந்த சோணையறைக்கு இன்னொரு கெட்ட பழக்கம் வரலாம்: ஒழுங்காகச் சுருங்காமல் புழுப்போல நெளிவது. ஏ.எஃப். என்பார்கள். நெளியும் அறையில் இரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். பெரும்பாலும் உறைவது எங்கே தெரியுமா? அந்தக் காதுபோல மடிந்த சோணைக்குள். அங்கிருந்து கட்டி பிய்ந்து இடது இதயவறை வழியாக மூளைக்குப் போனால் பக்கவாதம். கிளினிக்கில் இரத்தம் உறையாமலிருக்க வாபரின் கொடுப்பது இதற்குத்தான். வாபரின் எடுப்பவர்கள் கீரையை முற்றாக விடத் தேவையில்லை. ஒரு கிழமை முருங்கையிலையாகச் சாப்பிட்டு அடுத்த கிழமை தொடாமல் விடுவதுதான் கணக்கைக் குழப்பும். அளவு ஒரே சீராக இருந்தால் டொக்டர் அதற்கேற்பக் குளிசையைச் சரிசெய்வார்.

எல்லாம் மாரடைப்பு அல்ல

பத்திரிகையில் மரண அறிவித்தல் வந்தால் மாரடைப்பு. வயல் வரம்பில் விழுந்தாலும் மாரடைப்பு, நித்திரையில் போனாலும் மாரடைப்பு. மூன்று வேறு விசயங்களை நாங்கள் ஒரே சொல்லில் அடைக்கிறோம்.

மாரடைப்பு என்பது முடியுரு நாடி அடைபட்டு, அது இரத்தம் கொடுத்த தசைப்பகுதி சாகத் தொடங்குவது. அறைக்குள்ளே வயிறு நிரம்ப இரத்தம் இருக்கிறதே, சுவர் அதைக் குடிக்கக்கூடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். கடலுக்கு நடுவில் நிற்கும் திருகோணமலையில் குடிதண்ணீருக்குக் குழாய் போட வேண்டியிருக்கிறதே, அதுமாதிரித்தான். சுவருக்கு வேண்டியது பெருநாடியின் அடியிலிருந்து கிளம்பும் தன் சொந்தக் குழாயால் வர வேண்டும். இதய நிறுத்தம் வேறு: மின்துடிப்பு குழம்பி இருதயம் தள்ளுவதையே நிறுத்திவிடுவது. ஆள் உடனே நினைவிழந்து விழுவார், மூச்சும் நிற்கும். மாரடைப்பு அதற்கு ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல. இதயச் செயலிழப்பு என்றால் நின்றுபோனது என்று பலர் நினைக்கிறார்கள். அது நிற்பது அல்ல. உடம்புக்கு வேண்டிய அளவு தள்ள முடியாமல் தடுமாறுவது. மருந்தோடு வருடக்கணக்காக நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வேறுபாடு வீட்டுக்காரருக்கு ஏன் வேண்டும் என்றால், செய்ய வேண்டியது வேறு. நெஞ்சை அமத்துவதுபோல நோவு வந்து கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்தால், நடக்கவிடாமல் இருத்தி உடனே அம்புலன்ஸுக்கு 1990ஐ அழைக்க வேண்டும். வாய்வு என்று இஞ்சி அவித்துக்கொண்டு நிற்கக்கூடாது. நெடுநாள் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நோவே இல்லாமல் வெறும் களைப்பாகவும் வரும். ஆள் விழுந்து மூச்சில்லை என்றால் 1990ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்க வேண்டும். தோளைப் பிடித்து உலுக்கிக் குளறுவதில் போகும் நிமிடங்கள் மூளைக்குரியவை.

அன்று பின்னேரம் அக்காவின் மகன் ரிப்போட் உறையின் பின்பக்கத்தில் நான்கு பெட்டி கீறி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பெயரும் எழுதினான்: எல்.ஏ., சோணையறை, மேலறை. எல்.வி. வரும்போது "இதய அறை" என்று பிரித்து எழுதினான். நான் சிவப்புப் பேனையை எடுக்கப் போக, அக்கா உறையைப் பறித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "புதன்கிழமை கிளினிக்குக்கு இதையும் கொண்டுபோறன். ஏன் பெருத்தது, பிறசர் குளிசையை மாத்தோணுமா, ஏ.எஃப். இருக்கா எண்டு மூண்டும் கேட்கிறன். சரிதானே தம்பி?"

சரிதான் என்றேன். குளிசையை ஒழுங்காகப் போடாத கதையையும் டொக்டரிடம் சொல்லச் சொன்னேன். அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை.